சாயங்கால ரயில் வரும்வரை

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "தலைமையாசிரியர் சரியாக இருந்தால் பள்ளிக்கூடம் தானாகச் சரியாகிவிடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பதினான்கு கடிதம் வந்திருக்கிறது. பாதி திட்டு. அதில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் பெரும்பாலும் அரசுப் பணியில் இருப்பவர்கள். பெயரையும் பள்ளியையும் நானே அடித்துவிட்டேன். எனக்குக் கடிதம் போட்ட பாவத்துக்கு யாரும் 17(அ) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வாங்க வேண்டாம்.

தொண்டிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை நான். 47 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர். எழுத்தர் இல்லை, காவலர் இல்லை. பள்ளியைத் தலைமையாசிரியர் தாங்க வேண்டும், சரி. தலைமையாசிரியரைத் தாங்குவது யார், டீச்சர்?

திட்டு வாங்க வேண்டிய வரிதான் அது. வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு என் குட்டையும் உடைத்துவிடுகிறேன்.

2014. வேறொரு மாவட்டத்தில் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலராக நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது வாரம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு ஈராசிரியர் பள்ளிக்குப் போனேன். மணி ஒன்பது நாற்பது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து உதவி ஆசிரியை மட்டும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறார். தலைமையாசிரியரைக் காணோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் இல்லை. எனக்கு ஏறிய கோபத்தில் பார்வைப் பதிவேட்டை வாங்கி, "தலைமையாசிரியர் முன்னனுமதியின்றிப் பள்ளியில் இல்லை. விளக்கம் பெறப்பட வேண்டும்" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு வந்தேன்.

மதியம் ஒரு மணிக்கு அலுவலகம் திரும்பினால், வராந்தா பெஞ்சில் ஒருவர். மடியில் கோப்பு, கோப்புக்கு மேல் சாப்பாட்டுத் தூக்கு. எழுந்து கும்பிட்டார். "என்ன சார்?" என்றேன். மாணவியர் ஊக்கத்தொகைக்கு வங்கிக் கணக்குப் பட்டியல் கொடுக்க வந்தாராம். முந்தின நாள் மாலை தொலைபேசியில் சொன்னார்களாம்: நாளைக் காலை பத்து மணிக்குள் நேரில் வேண்டும், தாமதித்தால் நடவடிக்கை. ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். வாங்கிக்கொள்ள வேண்டிய எழுத்தர் கூட்டத்தில் இருக்கிறார். "எந்தப் பள்ளி?" என்று கேட்டேன். சொன்னார். நான் காலையில் சிவப்பு மையில் எழுதிவிட்டு வந்த பள்ளி.

அந்தப் பட்டியலைக் கேட்ட சுற்றறிக்கையில் இருந்தது என் கையெழுத்து. அதே பட்டியலை அவர் ஜூனில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை ஏற்கெனவே கொடுத்திருந்தார் என்பது அப்புறம் தெரிந்தது. எங்கள் பீரோவிலேயே இருந்தது. மறுநாள் அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போனேன். பதிவேட்டில் எழுதியதை அடிக்க முடியாது. "மேற்கண்ட நாளில் தலைமையாசிரியர் என் அலுவலகத்தில், என் உத்தரவின்பேரில் இருந்தார்" என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய உருப்படியான பார்வைக் குறிப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்களைத் தாங்க வேண்டியவர்கள் வட்டாரக் கல்வி அலுவலரும் அவருக்கு மேலே உள்ள மாவட்டக் கல்வி அலுவலரும். தாங்குவது என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பதல்ல. ஒரு விவரத்தை ஒருமுறைதான் கேட்பது. கேட்பதற்கு முன்னால், நம் பீரோவிலோ, பள்ளி விவரங்களை ஏற்றும் துறையின் கணினித் தளமான எமிஸிலோ அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க அலுவலகத்தில் ஒரு ஆளை வைப்பது. மேலிருந்து "மிக மிக அவசரம்" என்று வருவதை அப்படியே கீழே உருட்டிவிடாமல், நடுவில் நின்று கொஞ்சம் அடியை வாங்கிக்கொள்வது. தபால்காரர் வேலைக்கு அதிகாரி வேண்டியதில்லை.

ஆனால் அந்த அதிகாரியின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு வாரம் என் நாட்குறிப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கலெக்டர் அலுவலகக் கூட்டம், சென்னையிலிருந்து காணொலிக் கூட்டம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இருந்த பணிமூப்பு வழக்குகளுக்கு எதிர்வாதம் தயாரிப்பு, தகவல் அறியும் உரிமை மனுக்கள், ஒரு ஓய்வூதியக் கோப்பில் காணாமல் போன பக்கம். அந்த வாரம் நான் நுழைந்த பள்ளிகள் இரண்டு. வகுப்பறை? ஒன்றுகூட இல்லை. இரண்டு பள்ளியிலும் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வழக்குக்கென்று தனி ஆள் இல்லாத அதிகாரியிடம் போய் "பள்ளியை மேம்படுத்துங்கள்" என்று சொல்வது, வலையைப் பறித்துக்கொண்டு மீன் கேட்பது மாதிரி.

டீச்சரம்மா, நான் பாம்பன் பக்கம். கடல்பாசி எடுக்குறவ. பள்ளி மேலாண்மைக் குழுவுல என்னையத் தலைவியாப் போட்டுருக்காக. கூட்டம்னு சொல்ற அன்னிக்கெல்லாம் எனக்குக் கடல் வேலை. போகலைன்னா சாயங்காலம் நோட்டு வீட்டுக்கே வருது, கையெழுத்து வாங்கிக்கிறாக. நான் என்ன செய்ய?

கையெழுத்துப் போடாதே, தாயி.

போடாமல் இருந்தால் என்ன செய்வார்கள் என்று பயப்பட வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் உன் வேலை. போகாத கூட்டத்துக்கு நீ போடும் கையெழுத்து, நீ பார்க்காத செலவுக்கும் சேர்த்துத்தான்.

அதற்காகத் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதே. அவர் கையிலும் இல்லை. மாதத்தில் இன்ன வெள்ளிக்கிழமை, இன்ன மணி என்று சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்தால் அது சென்னைக்குச் சரி. ராமேசுவரம் தீவில் விசைப்படகு திங்கள், புதன், சனியில் போகும், மற்ற நாள் நாட்டுப்படகு. உனக்கோ அதுவும் இல்லை, அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்து நீர் வற்றும் நாளில் இறங்க வேண்டும். வாடைக் காற்று அடிக்கிற மாசத்தில் ஒரு கணக்கு, தென்றல் காலத்தில் ஒரு கணக்கு. இந்தக் காலண்டர் எந்த அலுவலகச் சுவரிலும் தொங்கவில்லை.

மீனவக் குப்பம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியை, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே வைத்தார். வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். பெரும்பாலும் பெண்கள். பிள்ளை ஏன் எட்டாவதோடு நின்றது என்று ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி கழிப்பறைத் தண்ணீருக்குத் தன் வீட்டு மோட்டாரைக் கொடுத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் புகைப்படம் பதிவேறவில்லை என்று அந்த அம்மாவுக்கு விளக்கம் கேட்டு வந்தது. அவருக்கு மேலே இருந்த அதிகாரி கெட்டவரல்ல. "நீங்கள் செய்தது சரிதான். ஆனால் தேதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லையே" என்றாராம். கூட்டத் தேதியை மாற்றக்கூட அனுமதி இல்லாதவருக்கு ஜீப் எதற்கு, சொல்.

பணத்திலும் இதே கதைதான். 30 பிள்ளைகளுக்குள் இருக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருங்கிணைந்த மானியம் 10,000 ரூபாய். பரமக்குடிக்கும் அதே, கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கும் பள்ளிக்கும் அதே. நம் பக்கம் உப்புக் காற்றில் ஒரு பூட்டு நாலு மாதம் தாங்காது. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் பீரோப் பூட்டைச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருந்தோம். அப்படியும் ஒரு நாள் பரீட்சைத் தாள் உள்ளே, சாவி உடைந்து பாதி துவாரத்தில்.

நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த நாள் உங்கள் ஊருக்கு ஒத்துவரும் என்று குழுவில் பத்துப் பெண்கள் சேர்ந்து தீர்மானம் எழுதி, அதில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். தேதியை மாற்றச் சொல்லி மேலே கேட்க அவருக்கும் ஒரு காகிதம் கையில் வேண்டும்.

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியை. அங்கே பள்ளி முதல்வருக்கு மேலே ஒரு அதிகாரி இருக்கிறார், அவர் வாரந்தோறும் வந்து முதல்வரோடு வகுப்புகளைச் சுற்றிப் பார்க்கிறார் என்கிறாள். நம்பலாமா?

நம்பலாம். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. ஆனால் சில இடங்களில் அதற்கென்று பாடுபட்டு மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் கலெக்டர் மாவட்டம் மாதிரி இல்லை. பள்ளிகளுக்கென்றே தனி நிர்வாகம், தனி வரவு செலவு. அதனால் ஆளை வைக்கவும் வேலையை மாற்றிக் கொடுக்கவும் அவர்களால் முடிகிறது. 2014இல் வாலஸ் அறக்கட்டளை லாங் பீச், கிளீவ்லாந்து, பால்டிமோர் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குப் பணம் கொடுத்தது. எதற்கு? முதல்வர்களுக்கு மேலே இருக்கும் கண்காணிப்பாளரின் வேலையை மாற்றுவதற்கு. அதுவரை அவரும் நம்மைப் போலத்தான்: விதி மீறல் இருக்கிறதா, படிவம் வந்ததா, புகார் என்ன ஆயிற்று. ஒரு கண்காணிப்பாளர் தலையில் சராசரியாக 17 முதல்வர்கள். மூன்று ஆண்டில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். மற்ற வேலைகளைத் தலைமை அலுவலகத்தின் வேறு பிரிவுகளுக்குத் தள்ளிவிட்டு, இவரை வகுப்பறைக்கு அனுப்பினார்கள். 17 பேரே அதிகம் என்று அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதை நம் வட்டாரக் கல்வி அலுவலர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம், அழலாம்.

அதே அறக்கட்டளை 2011இல் வேறு ஆறு மாவட்டங்களில் இன்னொன்றைத் தொடங்கியது. நல்ல முதல்வரைத் தேடி, முன்கூட்டியே பயிற்சி கொடுத்து, பதவிக்கு வந்த பிறகும் சில ஆண்டு கூடவே நிற்பது. புதிய முதல்வர்கள் வந்த அந்த ஊர்ப் பள்ளிகள், மூன்று ஆண்டுக்குப் பிறகு ஒப்பிடத்தக்க மற்ற பள்ளிகளைவிட வாசிப்பில் சுமார் 6, கணக்கில் சுமார் 3 நூற்றுமானப் புள்ளிகள் (நூறு பள்ளிகளை வரிசையில் நிறுத்தினால் அத்தனை இடம்) மேலே இருந்தன என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் கணக்கிட்டுச் சொன்னது. செலவோ, மாவட்டத்தின் வரவு செலவில் அரை சதவீதத்துக்கும் குறைவு.

நம் பக்கம் எப்படி? கலந்தாய்வில் பதவி உயர்வு ஆணை வாங்கினால் அடுத்த வேலைநாளில் சாவிக்கொத்து கையில். எனக்கு முதன்முதலில் தலைமையாசிரியை பொறுப்பு வந்தபோது, ஒப்படைத்துவிட்டுப் போனவர் சொன்ன ஒரே அறிவுரை: "மூணாவது சாவி எதுக்குன்னு எனக்கும் தெரியாது டீச்சர், ஆனா தொலைச்சிராதீங்க." எனக்கு அடுத்து வந்தவரிடம் நானும் அதையே சொல்லித்தான் கொடுத்தேன்.

நம்மிடமும் மாற்றங்கள் நடக்கத்தான் செய்கின்றன. 2018இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்துவிட்டு எல்லா அதிகாரத்தையும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் குவித்தார்கள். 2022இல் தொடக்கக் கல்விக்கு, இடைநிலைக்கு, தனியார் பள்ளிகளுக்கு என்று மாவட்டக் கல்வி அலுவலர்களைத் திரும்பப் பிரித்தார்கள். இரண்டு தடவையும் பெயர்ப் பலகை எழுதுகிறவருக்கு நல்ல வருமானம். ஒரு அதிகாரி எத்தனை தலைமையாசிரியரைக் கவனிக்க முடியும் என்ற கேள்வி மட்டும் பலகைக்குப் பின்னாலேயே கிடக்கிறது. போதாக்குறைக்குக் காலியிடம் வந்தால் பக்கத்து அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பு. 'பொறுப்பு' என்ற சொல்லுக்கு யாரும் பொறுப்பில்லை என்று பொருள் வருவது நம் துறையில் மட்டும்தான்.

எமிஸ் என்றைக்காவது ஒழியுமா? (முதுகுளத்தூர் ஆசிரியர்)

ஒழியாது. ஒழியவும் வேண்டாம், வலசை போன பிள்ளை கோடியக்கரைப் பக்கம் எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. அதில் ஏற்றிய விவரத்தையே திரும்பத் தாளில் கேட்பவர்கள் ஒழிந்தால் போதும்.

நேரடித் தேர்வில் வந்த வட்டாரக் கல்வி அலுவலர் நான். வயது 31. கடற்கரை வட்டாரம் ஒன்றில் வேலை. என் பொறுப்பில் உள்ள தலைமையாசிரியர்களில் பாதிப் பேர் என் அப்பா வயது. ஆய்வுக்குப் போனால் டீ வருகிறது, வடை வருகிறது, உண்மை மட்டும் வரவில்லை. எங்கிருந்து தொடங்க, அம்மா?

தம்பி என்று கூப்பிடுகிறேன், கோபிக்க வேண்டாம். டீயைக் குடியுங்கள், வடை வேண்டாம். வடை சாப்பிட்டால் அதற்குள் இருபது நிமிடம் போய்விடும், அந்த இருபது நிமிடத்தில் எல்லா வகுப்பும் அமைதியாகிவிடும்.

எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். போனதாகக் கணக்கு வரும், அவ்வளவுதான். இந்த ஆண்டுக்குப் பத்துப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு விதிப்படி எத்தனை தடவை போக வேண்டுமோ போங்கள், இந்தப் பத்துக்கு மாதாமாதம் போங்கள். போனதும் பதிவேடுகளைக் கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளை, தலைமையாசிரியரும் பக்கத்தில் இருக்க, ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவரிடம் ஒரே கேள்வி: "இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையை நினைத்தால் உங்களுக்குக் கவலையாக இருக்கிறது?" நல்ல தலைமையாசிரியர் யோசிக்கவே மாட்டார். "அந்தோணி மகன் சார், நண்டு வலை பிரிக்கப் போயிட்டுப் பத்து மணிக்குத்தான் வர்றான், காலைச் சாப்பாடு வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை" என்று பெயரோடு கதை வரும். "எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்க சார்" என்று பதில் வந்தால், உங்கள் வேலை அந்தப் பள்ளியில்தான்.

ஜூனில் சேர்க்கை எண்ணிக்கையைக் கேட்டு நம் கரைப் பள்ளிகளை விரட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெளியூர் போன குடும்பம் திரும்பி வந்து, கையில் நாலு காசு பார்த்த பிறகுதான் பிள்ளை நினைப்பு வரும். மாவட்டக் கூட்டத்தில் இதை நீங்கள்தான் எழுந்து சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் சொன்னால் சாக்கு என்பார்கள்.

இன்னொன்று. பார்வைப் பதிவேட்டில் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், பள்ளி செய்ய வேண்டியது. வலப்பக்கம், நீங்கள் செய்ய வேண்டியது. வலப்பக்கம் காலியாக இருந்தால் அன்றைக்கு நீங்கள் அங்கே போகவே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அடுத்த முறை போகும்போது முதலில் வலப்பக்கத்தை வாசியுங்கள், அதுவும் அவர்கள் முன்னால், சத்தமாக. உண்மை வரவில்லை என்றீர்களே, அதற்குப் பிறகு மெல்ல வரத் தொடங்கும்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. 1984இல் ராமேசுவரம் தீவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். தரைப்பாலம் கிடையாது, அது 1988இல்தான் வந்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரியும் எங்களைப் போலவே ரயிலில்தான் பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டும். காலை வண்டியில் வந்தால் சாயங்கால வண்டிவரை அவருக்குப் போக்கிடம் இல்லை. பதிவேடுகளை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவார். அப்புறம்? வகுப்பில் வந்து உட்காருவார். வேறு என்ன செய்வார், பாவம். பாலம் திறந்த பிறகு அதே தீவுக்கு ஜீப் வந்தது, இருபது நிமிடத்தில் திரும்பியும் போனது. பாலத்தைக் குறை சொல்லவில்லை. பிரசவத்துக்குத் துடித்த எத்தனையோ பெண்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதிகாரி பள்ளியில் ஒரு முழுப்பகல் உட்கார்ந்திருந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

முதல் வருடம், ஒன்பதாம் வகுப்பு, வட்டங்கள். பள்ளியில் கரும்பலகைக் காம்பஸ் உடைந்து போயிருந்தது. நான் நூலில் சாக்பீஸைக் கட்டி வட்டம் போட்டேன். நூல் வழுக்கி, அது கோழிமுட்டையாக வந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பலகையைப் பார்த்தே பேசுறீங்கம்மா, பிள்ளைகளைப் பார்த்துப் பேசுங்க" என்றார். ஆறாவது பாடவேளையை அவரே எடுத்தார், நான் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போகும்போது தலைமையாசிரியர் முன்னாலேயே சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

மறு மாதம் வந்தார். பிளாட்பாரத்தில் அவரை அழைத்துவரப் போன ப்யூன் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: பாலம் முழுக்க ஜன்னலோரம் அதை மடியில் வைத்துப் பிடித்தபடியே வந்தாராம், செய்தித்தாளில் சுற்றிய மரக் காம்பஸ்.